எண்ணெய் என்ஜினின் மூச்சுக்குழல்: திருத்தம் செய்வோர் அறிய வேண்டியவை

ஏற்றத்தாலும் கவலையாலும் நீர் இறைத்துவந்த சென்னை மாகாணத்தில், எண்ணெய் என்ஜினால் நீர் இறைக்கும் முறையை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்ப முயன்றவர்களுள் ஆல்பிரட் சாட்டர்டன் முதன்மையானவர். இந்நாளில் பெரும்பாலான கிணறுகளில் மின்சார மோட்டார் வந்துவிட்டது. எனினும் மின் இணைப்புக் கிட்டாத கிணறுகளிலும், ஆறு வாய்க்கால்களிலிருந்து நீர் ஏற்றும் இடங்களிலும் டீசல் என்ஜினே துணையாக நிற்கின்றது.

என்ஜின் வைத்திருக்கும் மிராசுதாரர்கள் எண்ணெய், பெல்ட்டு, குளிர்நீர் ஆகியவற்றைக் கவனிப்பது போல மூச்சுக்குழலைக் கவனிப்பதில்லை. மிஸ்திரிமார் பிரீதர் என்று வழங்கும் இச்சிறு உறுப்பில் எண்ணெய் கசிகிறதென்றும் புகை வருகிறதென்றும் கருதி, தம் மனம்போல் திருத்தம் செய்து பெரும் நஷ்டத்திற்கு ஆளாவோர் பலர். ஆகையால் எத்திருத்தம் தக்கது, எது தகாதது என்பதை இங்கு எடுத்துரைப்போம்.

மூச்சுக்குழலின் வேலை

டீசல் என்ஜினில் காற்றானது சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோகிராமுக்கு மேற்பட்ட அழுத்தத்திற்கு இறுக்கப்படுகின்றது. எண்ணெய் எரியும்போது இவ்வழுத்தம் இன்னும் மிகும். பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு புதியவையாயினும், இவ்வாயுவில் ஒரு சிறு பகுதி அவற்றின் இடுக்கு வழியே கீழே கிராங்குப் பெட்டிக்குள் இறங்கியே தீரும். ரிங்கு தேயத் தேய அது பெருகும்.

இவ்வாயுவில் புகைக்கரியும் நீராவியும் கலந்துள்ளன. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்பதைப் பலர் அறியார். அதிற் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். கீழே இறங்கும் சிறு பகுதிக்கு வெளியேற வழியில்லையானால், அது குளிர்ந்து எண்ணெயுடன் கலந்து, மோர் போன்ற வெண்குழம்பாகிப் பேரிங்குகளைக் கெடுக்கும். அவ்வழியே மூச்சுக்குழல்.

ஒற்றைச் சிலிண்டர் என்ஜினில் இதற்கு மற்றொரு வேலையும் உண்டு. இங்கிலாந்தில் டர்ஸ்லி நகரத்து லிஸ்டர் கம்பெனியார் 1929-இல் வெளியிட்டதும், பிற்காலத்தில் ராஜ்கோட் பட்டறைகளில் ஏராளமாய்ப் பிரதி செய்யப்பட்டதுமான மெதுவேக என்ஜினை எடுத்துக்கொள்வோம். அதன் 6 குதிரைச் சக்தி வகையில் சிலிண்டரின் குறுக்களவு 4½ அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 5½ அங்குலம். நிமிஷத்திற்கு 650 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் கீழிறங்கும்போது ஏறக்குறைய 1.4 லிட்டர் காற்றைக் கிராங்குப் பெட்டியினுள் தள்ளுகிறது. அக்காற்று மூச்சுக்குழலிலுள்ள மெல்லிய தகடு ஒன்றைத் திறந்துகொண்டு வெளியேறும். பிஸ்டன் மேலேறும்போது தகடு மூடிக்கொள்ளும். இதனால் பெட்டியினுள் அழுத்தம் வெளிக்காற்றினும் சற்றுக் குறைந்தே நிற்பதால், எண்ணெய் வெளியே கசியாது உள்ளேயே இருக்கும். தகட்டில் கரி படிந்து ஒட்டிக்கொண்டாலோ, தகடு வளைந்துவிட்டாலோ இந்நன்மை போய்விடும்.

மூச்சுக்குழலை அடைப்பது

எண்ணெய் தெறிக்கிறதென்று துணியாலோ மரக்கட்டையாலோ துவாரத்தை அடைப்பது முழுத் தவறாகும். வழியற்ற வாயு, எண்ணெய் சீல்களையும் பாக்கிங்குகளையும் பிதுக்கிக்கொண்டு கிளம்பும். முன்னர் ஓரிடத்தில் சொட்டிய எண்ணெய் பின்னர் பல இடங்களில் ஒழுகும். நள்ளிரவில் நீர் பாயும்போது எண்ணெய் வற்றிப் பேரிங்கு உருகினால், என்ஜினும் போம், பயிரும் வாடும்.

குழாய் வைத்து வெளியே விடுவது

என்ஜின் அறையில் புகை தேங்காதபடி, மூச்சுக்குழலில் ரப்பர்க் குழாய் பொருத்தி வெளியே விடுவது தக்க திருத்தமே. ஆயினும் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ள வேண்டும்.

1. குழாயின் உட்குறுக்களவு மூச்சுக்குழலின் வாயினும் குறையலாகாது.

2. குழாய் எண்ணெய்க்கும் வெப்பத்திற்கும் தாங்கும் வகையாயிருத்தல் வேண்டும். இளகித் தட்டையாகும் மலிவான குழாய் அடைப்புக்குச் சமம்.

3. குழாய் நெடுகச் சரிவாய் இறங்க வேண்டும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கு நீரும் எண்ணெயும் தேங்கி வழியை மூடும்.

4. குழாயின் முனையில் ஒரு தகர டப்பாவை வைத்து எண்ணெயைப் பிடிக்கலாம். டப்பாவுக்கு அதே அளவுள்ள போக்கு வழி வேண்டும். குழாயின் முனை டப்பாவிலுள்ள திரவத்தில் மூழ்கலாகாது.

5. டப்பாவில் சேர்ந்ததைத் திரும்ப என்ஜினில் ஊற்றலாகாது. கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டவும் கூடாது. குடிநீர்க் கிணற்றருகே என்ஜின் வைத்திருப்போரை இவ்விஷயத்தில் கிராம அதிகாரிகள் எச்சரித்தல் நன்று.

நீர் மட்டம் தாழ்ந்ததென்று என்ஜினையே கிணற்றினுள் இறக்கி ஓட்டுவதை எக்காரணத்தாலும் செய்யலாகாது. புகைபோக்கியின் நச்சுவாயு அங்கே தங்கி, இறங்கினவரைக் கொன்றுவிடும்.

காற்று வாயிலில் இணைப்பது

மூச்சுக்குழலை என்ஜின் காற்று இழுக்கும் வாயுடன் இணைத்துவிட்டால் புகை அனைத்தும் உள்ளேயே எரிந்துபோம் என்பர் சிலர். பெட்ரோல் கார்களில் இம்முறை உண்டு. கலிபோர்னியாவில் 1961 முதலே அது வழக்கத்துக்கு வந்தது. ஆனால் பெட்ரோல் என்ஜினில் காற்றைக் குறைக்கும் கதவு உண்டு. அக்கதவுக்குப் பின் உண்டாகும் இழுப்பை ஒரு வால்வு அளந்து விடுகின்றது. டீசல் என்ஜினிலோ பெரும்பாலும் அக்கதவே இல்லை. ஆகவே கார் வால்வை வாங்கிப் பம்பு என்ஜினில் மாட்டுவதால் பயனில்லை.

அபாயம் வேறொன்று. மூச்சுக்குழலின் வாயுவில் எண்ணெய்த் துளிகள் மிதக்கின்றன. டீசல் என்ஜினுக்கு அவையும் இரையே. ரிங்கு தேய்ந்த என்ஜினில் அவை மிகுதியாய் உட்சென்றால் வேகம் கூடும். வேகம் கூடக்கூட எண்ணெய் மேன்மேலும் உறிஞ்சப்படும். இந்நிலையில் டீசலை நிறுத்தினாலும் என்ஜின் நில்லாது, கவர்னரும் கட்டுப்படுத்தமாட்டாது. சுழல் சக்கரம் வெடித்துச் சிதறவும் கூடும்.

இந்நிலை நேர்ந்தால், பக்கவாட்டிலிருந்து அணுகி, கனத்த பலகையால் காற்று வாயை முழுதும் மூடுவதே வழி. கையையோ துணியையோ வைக்கலாகாது. சக்கரத்திற்கு நேரே எவரும் நிற்கலாகாது. அணுக இயலாதாயின் உயிரே பெரிதென எண்ணி விலகிவிட வேண்டும்.

புதிய டிராக்டர்கள் சிலவற்றில், எண்ணெயைப் பிரிக்கும் வடிகட்டியுடன் இவ்விணைப்பைத் தயாரிப்பாளரே செய்துள்ளனர். அதை அகற்றலாகாது, கைப்புத்தகம் கூறும் காலத்தில் வடிகட்டியைச் சுத்தம் செய்தாலோ மாற்றினாலோ போதும்.

சோதிக்கும் விதம்

திருத்தம் செய்யுமுன் நோயை அறிதல் வேண்டும். கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாயைத் தொட்டில் போல வளைத்துப் பலகையில் கட்டி, பாதியளவு நீர் விடுக. எண்ணெய் ஊற்றும் துவாரத்தைத் துளையிட்ட ரப்பர் அடைப்பானால் மூடி, குழாயின் ஒரு முனையை அத்துளையில் செருகுக. நீர் துடித்தால் குழாயைச் சற்று நெருக்குக. என்ஜின் சூடேறிச் சுமையுடன் ஓடும்போது பார்க்க வேண்டும்.

தகடுள்ள என்ஜினில், நீர் என்ஜின் பக்கமாய் ஏறி நின்றால் எல்லாம் சரி. மறுபக்கம் தள்ளப்பட்டால், மூச்சுக்குழலைக் கழற்றி, தகட்டை மண்ணெண்ணெயில் கழுவிப் பொருத்தி மீண்டும் சோதிக்க. அப்பொழுதும் தள்ளினால் குறை மூச்சுக்குழலில் இல்லை. ரிங்கிலோ சிலிண்டரிலோ உள்ளது. அதற்குக் குழாய் மாற்றுவது மருந்தாகாது.

ஓர் எச்சரிக்கை

பேரிங்கு காய்ந்து பழுக்கச் சூடேறினால், எண்ணெய் ஆவியாகி வெண்பனி போல் கிராங்குப் பெட்டியில் நிறையும். 1947 செப்டம்பர் 11-இல் ரெய்னா டெல் பசிபிகோ என்னும் கப்பல் வட அயர்லாந்துக் கடலில் வெள்ளோட்டம் விடப்பட்டபோது, அதன் டீசல் என்ஜின்களின் கிராங்குப் பெட்டிகள் வெடித்து 28 பேர் மாண்டனர். சிறு என்ஜினில் அபாயம் சிறிதெனினும் விதி ஒன்றே. என்ஜின் மிகச் சூடேறி நின்றுவிட்டால், பெட்டியின் கதவை உடனே திறவாமல் நன்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். திறந்தால் புதுக்காற்று உட்புகுந்து தீப்பற்ற இடமாகும்.

எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் மூச்சுக்குழலைக் கழுவும் வழக்கத்தை மேற்கொள்க. கால் மணி நேர வேலையே. அறுவடைக்கு முன் நீர் தட்டும் வாரத்தில் அதன் பலன் தெரியவரும்.