இருமல் மருந்து கொடுத்தார்கள்; எலிக்கு வலிப்பு வரவில்லை!

மனிதனிடம் பலித்ததா?

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய இருமல் சிரப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பல பாட்டில்களில் "டெக்ஸ்ட்ரோமெத்தார்பன்" என்று எழுதியிருக்கும். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் காக்காய் வலிப்பை அடக்கும் சக்தி இதற்கு உண்டா என்று எலிகளுக்கு ஷாக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்!

பார்த்தவர், வாஷிங்டன் நகரில் அப்போது இருந்த "வால்டர் ரீட்" ராணுவ ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானி பிராங்க் டார்டெல்லா. கூட்டாளி ஹோசே முசாக்கியோ. 1986-ல் முடிவை வெளியிட்டார்கள்.

ராணுவத்துக்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம்? தலையில் குண்டடி பட்ட சிப்பாய்க்கு வலிப்பு வரலாம். நரம்பைத் தாக்கும் விஷ வாயு பட்டாலும் வரும்.

காலைப் பார்!

சோதனை முறை பழையது. 1930-களில் பாஸ்டன் நகரில் மெரிட், புட்னம் என்ற 2 டாக்டர்கள் பூனைகளுக்கு ஷாக் கொடுத்துத்தான் "பெனிடாயின்" மருந்தின் குணத்தைக் கண்டுபிடித்தார்கள். இன்றும் வலிப்பு நோயாளிகள் சாப்பிடுகிற மாத்திரை அது.

எலியின் தலை வழியாகக் கண நேரம் மின்சாரம் பாயும். எலி விறைக்கும். பின்னங்கால் இரண்டும் கட்டையாக நீளும். மருந்து கொடுத்த எலிக்குக் கால் நீளாவிட்டால், மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். (பாவம் எலி! அதற்கு இருமலும் இல்லை, வலிப்பும் இல்லை.)

டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இந்தப் பரீட்சையில் பாஸ்! "கார்பெட்டாபென்டேன்" என்ற இருமல் மருந்தும் பாஸ். 1988-ல் "காராமிபென்" என்ற இன்னொன்றும் தேறியது.

எப்படி?

இந்த மருந்து தொண்டையில் வேலை செய்வதில்லை. மூளையில் இருமலை ஏவும் இடத்தில் போய் அடக்குகிறது. வலிப்பும் மூளை சமாசாரம்தான். மூளை செல்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் கூச்சல் போட்டால் வலிப்பு. செல்லைக் கிளப்பிவிடும் பொருள் "குளூட்டமேட்". அது திறக்கிற கதவு ஒன்றை டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் அடைக்கிறது.

எலி தேறிவிட்டது, மனிதன்?

1990-ல் அமெரிக்க டாக்டர்கள், மாத்திரைக்கு அடங்காத வலிப்பு நோயாளிகள் சிலருக்கு வழக்கமான மாத்திரையோடு இதையும் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு 120 மில்லிகிராம். வலிப்பு குறையவில்லை!

இருமலுக்குப் பெரியவர்கள் ஒரு நாளில் சாப்பிடக்கூடிய உச்ச அளவே அவ்வளவுதான். எடைக் கணக்குப் போட்டால், எலிக்குப் போனது அதைவிடப் பல மடங்கு.

சரி, மனிதனுக்கும் கூட்டிக் கொடுத்தால் என்ன? அங்கேதான் வம்பு. அளவு ஏறினால் தலை சுற்றும், நடை தள்ளாடும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். கண்டபடி குடித்தவர்களுக்கு வலிப்பே வந்திருக்கிறது! போதாததற்கு, கல்லீரல் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. அதே ஒரு மூடி மருந்து ஒருவருக்குச் சீக்கிரம் உருமாறிவிடும்; இன்னொருவர் ரத்தத்தில் அப்படியே தங்கும்.

"எலிக்கு நின்னுடுச்சாமே" என்று வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு சிரப்பைத் தேடுவது விபரீதம். அந்த மாத்திரையைத் திடீரென்று விட்டாலே வலிப்பு அடுத்தடுத்து வரலாம், உயிருக்கே ஆபத்து.

சிரிப்புக்கு மருந்து

மூளை நோய் கண்ட சிலர், காரணமே இல்லாமல் சிரிப்பார்கள், அல்லது அழுவார்கள். அடக்க முடியாது. அதற்கு 2010-ல் அமெரிக்க அரசு டெக்ஸ்ட்ரோமெத்தார்பனை அனுமதித்தது. கல்லீரல் அதை உருமாற்றிவிடாமல் தடுக்க "குவினிடின்" என்ற மருந்தும் கூட்டு. 2022-ல் வேறொரு மருந்தோடு சேர்த்து, மனச்சோர்வுக்கும் அனுமதி கிடைத்தது.

எலி பாஸ் பண்ணிய வலிப்புக்கு மட்டும் அனுமதி இல்லை.