பலர் நலமும் ஒருவர் உரிமையும்

மிகப் பலர்க்கு மிகுந்த நன்மை விளைப்பது எதுவோ அதுவே அறம் என்றார் ஆங்கில அறிஞர் ஜெரமி பெந்தம் (1748–1832). அவரது கணக்கில் அரசனும் ஒருவனே, ஆண்டியும் ஒருவனே. ஆயின், பிறப்புரிமை என்பதை அவர் ஏற்றிலர். சட்டம் தருவதே உரிமை என்றார். சட்டமே உரிமையைப் பறிக்குமாயின் யாது செய்வது? இவ்வினாவைச் சபரகமுவ மாகாணத் தோட்ட மக்கள் தம் வாழ்விலேயே கண்டனர்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்த தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். தந்தையேனும், பாட்டனும் பூட்டனுமேனும் இத்தீவில் பிறந்தமையை நிறுவுமாறு அச்சட்டம் கேட்டது. வாக்குரிமை பிரஜைகளுக்கு மட்டுமே என 1949இல் விதிக்கப்பட்டது. கேகாலைப் பகுதியின் ருவன்வெல்லத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோடகன்பிள்ளை என்பவர் வழக்காடினார். உயர் நீதிமன்றம் 1951இல் மறுத்தது. இலண்டன் பிரிவி கவுன்சிலும் 1953இல் அவரது மேன்முறையீட்டைத் தள்ளியது. தன் பிரஜைகள் யாவர் என வரையறுப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் எழுந்தது. 9,75,000 பேருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இத்தொகைகளை வகுத்தபோது அம்மக்களின் சம்மதம் கேட்கப்பட்டிலது.

இரு நாடுகளின் நல்லுறவு பலர்க்கு நன்மையன்றோ எனச் சிலர் வாதிக்கலாம். பெந்தமின் வழிவந்த ஜோன் ஸ்டூவர்ட் மில், 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், பெரும்பான்மையோரின் கொடுங்கோன்மையும் அஞ்சத்தக்கதே என எச்சரித்தார். தனிமனித சுதந்திரமே நிலையான பொதுநலத்திற்கு ஊற்று என்பது அவர் கருத்து. நாம் இன்னும் ஓர் அடி முன்செல்ல வேண்டும். கலவானையில் பாலம் எங்கே அமைப்பது, வைத்தியசாலை எங்கே கட்டுவது என்பவற்றைப் பலர் நலம் எண்ணித் தீர்மானிக்கலாம். ஆனால், எண்ணப்பட வேண்டியவர் யாவர் என்பதை அவ்வெண்ணிக்கை கொண்டே தீர்த்தல் இயலாது. அஃது எண்ணிக்கைக்கு முற்பட்டது. உரிமையின் இடம் அதுவே.

1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் சந்ததியினர்க்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. அதற்குள் 55 ஆண்டுகள் கழிந்துவிட்டன. பொதுநலத்தின் பெயரால் ஒரு திட்டம் வரும்போதெல்லாம், அப்பொதுவில் சேராது விடப்பட்டவர் யார் என்பதை மாணவர் முதலில் வினவுவாராக.