அலை ஒன்றுதான், கரைதான் வேறு



"காஞ்சிபுரத்தில் தறியும் வயலுமாக இருக்கிறோம், நமக்கும் சுனாமிக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். அலை இங்கே வராது, வாஸ்தவம்தான். ஆனால் நம் பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர்ப் பக்கம் கடலில் கலக்கிறது. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகும் வரை அந்தக் கரையும் நம் மாவட்டம்தான். அங்கே நிலம் வைத்திருப்பவர்கள், பெண் கொடுத்தவர்கள் நம்மில் உண்டு.

2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்கு சுமத்ரா பக்கம் கடலடியில் பூமி அதிர்ந்தது. 9 மணி வாக்கில் அலை நம் கரைக்கு வந்துவிட்டது. ஆனால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி அடிக்கவில்லை. ஏன்?

ஆழ்கடலில் 4,000 மீட்டர் ஆழத்தில் சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். உயரமோ ரொம்பக் குறைவு. படகில் இருப்பவருக்குத் தெரியாது. 10 மீட்டர் ஆழத்துக்கு வந்தால் வேகம் 36 கிலோமீட்டராகக் குறையும். சந்தைக்குப் போகும் வண்டி வரிசையில் முன்வண்டி தயங்கினால் பின்வண்டிகள் வந்து நெருக்கும் இல்லையா? அதுபோல பின்னால் வரும் தண்ணீர் முன்னால் உள்ளதை நெருக்கி, அலை உயருகிறது.

இனி கரையின் வடிவத்துக்கு வருவோம். அகன்ற வாய்க்காலில் வரும் தண்ணீரைக் குறுகிய மடைக்குள் திருப்பினால் என்ன ஆகும்? மட்டம் ஏறும். வாய் அகன்று உள்ளே குறுகும் வளைகுடாவிலும் அதே கதைதான். 2011-ல் ஜப்பானின் சான்ரிக்கு கரையில் தண்ணீர் சில இடங்களில் 40 மீட்டர் உயரம் வரை ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையும் ஆபத்துதான்; அலை இரு பக்கமும் வளைந்து அங்கே கூடும்.

குறுக்கே தீவு இருந்தால் நிழல் கிடைக்கும். இலங்கை மறைத்ததால் பாக் நீரிணைப் பக்கம் சேதம் குறைவு. ஆனால் அந்த நிழலை முழுக்க நம்பக்கூடாது. அலை இலங்கையைச் சுற்றி வளைந்து போய்க் குளச்சலையும் அடித்தது. மறைப்பு இல்லாமல், தாழ்ந்த சமதரையாக இருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

நமக்கு முக்கியமானது முகத்துவாரம். மணல்மேடு தடுக்கிற இடத்திலும், ஆற்று வாய் திறந்த கதவு. அதன் வழியே கடல்நீர் உள்ளே ஏறி, கரை வழிந்து வயலுக்குள் பாயும். ஆகவே பாலாற்று வாய்ப் பக்கம் உறவு உள்ளவர்கள் இதைச் சொல்லி வையுங்கள்:

நில அதிர்ச்சி உணர்ந்தாலும், கடல் திடீரென்று உள்வாங்கினாலும் உடனே கிளம்ப வேண்டும். 2004-ல் மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கிப் பாறைகள் தெரிந்தன. ஆனால் எப்போதும் உள்வாங்கித்தான் வரும் என்று காத்திருக்க வேண்டாம். ஆற்றை ஒட்டியே ஓடாதீர்கள். ஆற்றை விட்டு விலகி மேட்டுக்குப் போங்கள். நேரம் இருந்தால் மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். முதல் அலை வடிந்ததும் திரும்பாதீர்கள்; அடுத்தது பெரிதாக இருக்கலாம். 2007 முதல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அபாயம் நீங்கியது என்று அதிகாரிகள் அறிவித்த பிறகே வீடு திரும்பலாம்.

வயலில் உப்புநீர் ஏறிவிட்டால் மனம் உடைய வேண்டாம். முதலில் வடிகாலை வெட்டித் தேங்கிய நீரை வெளியேற்றுங்கள். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடியுங்கள். இரண்டு மூன்று தடவை செய்யணும். சோதனையில் சொன்னால் மட்டும் ஜிப்சம் இடுங்கள். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயம் மடக்கி உழுங்கள். உப்பு வாடை உள்ள கிணற்று நீரைப் பயிருக்குப் பாய்ச்சாதீர்கள்.

கடலின் சீற்றத்தை நம்மால் தடுக்க முடியாது. நம் கரை எங்கே குறுகுது, எங்கே திறந்து கிடக்குது என்று தெரிந்து வைத்திருந்தால், ஓடவேண்டிய திசையாவது தெரியும். உயிர் தப்பினால் நிலத்தைத் திருத்திக்கொள்ளலாம்.