நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிடிப்பு

ஓடும் மகிழுந்து நான்கே இடங்களில் சாலையைத் தொடுகிறது. ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ உள்ளங்கை அளவே. வண்டி விரைவதும் திரும்புவதும் நிற்பதும் அங்குத் தோன்றும் உராய்வினால்தான். எனவே, நான்கு டயர்களும் ஒரே வகையினவாக இருத்தல் வேண்டும்.

பனி பொழியும் நாடுகளில் கோடைக்கும் குளிர்காலத்திற்கும் வெவ்வேறு டயர்களைப் பொருத்துவர். வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே செல்லும்போது கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பு குறையும். குளிர்கால டயரின் ரப்பரோ மென்மை மாறாதிருக்கும். அதன் நுண்கீறல்கள் பனியைக் கவ்விப் பிடிக்கும்.

செலவைக் குறைக்க எண்ணிச் சிலர், எந்திரத்தால் இயங்கும் முன்சக்கரங்களுக்கு மட்டும் குளிர்கால டயர்களைப் பொருத்துவர். வண்டி எளிதாகப் புறப்படுவதால் ஓட்டுநருக்கு நம்பிக்கை பிறக்கும். ஆயினும், அந்நம்பிக்கை ஆபத்தானது. வளைவில் பிரேக்கை அழுத்தும்போது வண்டியின் எடை முன்புறம் சாய்கிறது. பின்சக்கரங்களின் மீதான அழுத்தம் குறைகிறது. முன்சக்கரங்கள் சாலையைப் பற்றியிருக்க, பின்பகுதி பக்கவாட்டில் வழுக்கி வண்டி சுழல்கிறது. மாறாக, பின்சக்கரங்களுக்கு மட்டும் பொருத்தினால், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே சறுக்கிச் செல்லக்கூடும்.

மழைநீர் தேங்கிய சாலைக்கும் இது பொருந்தும். டயரின் பள்ளங்களே நீரை வெளியேற்றுகின்றன. தேய்ந்த டயரால் அது இயலாமையால், விரைவு மிகும்போது அது நீர்ப்படலத்தின்மேல் மிதந்து வழுக்கும். முன்புறம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு மீளலாம். பின்புறம் வழுக்கிச் சுழன்றால் மீள்வது அரிது. ஆகவே, இரண்டு டயர்களை மட்டுமே மாற்ற இயலுமெனில், புதியவற்றைப் பின்சக்கரங்களில் பொருத்துவதே பாதுகாப்பானது.