ஊரே உரிமையாளரான விடுதி

பிரிட்டனின் கிராமங்களில் 'பப்' எனப்படும் விடுதிக்குத் தனியிடம் உண்டு. பொதுமக்களுக்கான இல்லம் என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அச்சொல். மது வழங்குவது அதன் பணிகளுள் ஒன்று. ஆனால் அதுவே முழுமையன்று. வழிப்போக்கருக்குச் சூடான உணவும், குளிருக்குக் கணப்பும், ஊரார் கூடிப் பேச ஓர் இடமும் அங்கு உண்டு. மது அருந்தாதவர் ஒரு கோப்பைத் தேநீருடன் அமர்ந்திருந்தாலும் எவரும் வியப்பதில்லை. இத்தகைய விடுதிகள் பல, கடந்த சில பத்தாண்டுகளில் வருவாயின்றி மூடப்பட்டுவிட்டன. மூடப்படாமல் காக்கப்பட்ட ஒன்றைப் பற்றியும், அதனைச் சுற்றிக் காணத்தக்க இடங்களைப் பற்றியும், அதனைக் காத்த முதலீட்டு முறையைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

சாலை சேராத ஊர்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் நொய்டார்ட் என்னும் தீபகற்பம் உள்ளது. அதன் முதன்மைச் சிற்றூர் இன்வரி. ஊருக்குள் சில மைல் நீளச் சாலை உண்டு. ஆயினும் அது நாட்டின் பிற சாலைகள் எதனோடும் சேர்வதில்லை. தேசிய மின்கட்டமைப்புடனும் இணைப்பு இல்லை. ஊராரின் சிறு புனல்மின் நிலையமே விளக்கேற்றுகிறது. இவ்வூரில் கடலை நோக்கி நிற்கும் வெள்ளைக் கட்டடம்தான் 'ஓல்டு ஃபோர்ஜ்'. 'பழைய கொல்லுப்பட்டறை' என்பது அதன் பொருள். பிரிட்டனின் பெருநிலப்பரப்பில் மிகத் தொலைவில் அமைந்த பப் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது இதுவே.

இங்கு வந்து சேர இரண்டே வழிகள். மல்லேக் என்னும் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து படகேறினால் சுமார் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம். நடந்து வர விரும்புவோர் மலைகளினூடே ஏறத்தாழ 18 மைல் கடக்க வேண்டும். அவ்வாறு நடந்து களைத்து வருபவருக்கு அந்தக் கணப்பின் அருகில் கிடைக்கும் ஓர் இருக்கை எத்தகைய வரவேற்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

அருகில் காண்பன

பயணமே ஒரு காட்சி. கிளாஸ்கோவிலிருந்து மல்லேக் வரும் இரயில், வழியில் கிளென்ஃபினன் பாலத்தைக் கடக்கிறது. 1901 இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதையின் பகுதியான இக்கான்கிரீட் பாலம், 21 வளைவுகளுடன் பள்ளத்தாக்கின் குறுக்கே வளைந்து நிற்கிறது. ஹாரி பாட்டர் திரைப்படங்களைக் கண்ட நம் வீட்டுப் பிள்ளைகள் இதனைக் கண்டவுடன் அடையாளம் கூறுவர். மல்லேக்கிற்கு அருகிலுள்ள மோரார் ஏரி, 300 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. பிரிட்டனின் நன்னீர் ஏரிகளுள் இதுவே மிக ஆழமானது. அதே துறைமுகத்திலிருந்து ஸ்கை தீவுக்கும் படகு செல்கிறது.

இன்வரியில் இறங்கியபின் வாகனத்தை மறந்துவிட வேண்டும். 1,020 மீட்டர் உயரமுள்ள லார்வென் சிகரம் மலையேறிப் பழகியவர்களுக்கு உரியது. மற்றவர்களுக்குக் கடற்கரை நடையும் காட்டுப்பாதைகளும் போதும். ஊராரின் அறக்கட்டளை நடத்தும் எளிய தங்குமிடமும், கடற்கரையில் கூடாரமிடும் இடமும் உள்ளன. கோடையில் 'மிட்ஜ்' எனும் சிறு பூச்சிகள் கடிக்கும். குளிர்காலத்தில் படகுகள் குறையும். காற்று பலமாயின் படகு ஓடாமலும் போகலாம். எனவே திரும்பும் நாளில் விமானப் பயணத்தை வைத்துக்கொள்ளாமல் ஓரிரு நாள் இடைவெளி விடுவது அறிவுடைமை.

நிலம் யாருடையது?

ஊரின் நடுவே நினைவுக்கல் ஒன்று உண்டு. அதன் பின்னணியை அறிந்தால்தான் விடுதியின் கதை முழுமையாக விளங்கும். 1853 இல் நிலவுடைமைக் குடும்பம், செம்மறி ஆடு வளர்ப்புக்காக நூற்றுக்கணக்கான குடியானவரை வெளியேற்றிக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பியது. 1948 இல் ஏழு பேர் அங்குள்ள நிலத்தில் தமக்கெனப் பாத்தி பிரித்துக் குடியானவர் உரிமையைக் கோரினர். அவர்களுள் பலர் போரிலிருந்து திரும்பியவர்கள். நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அந்த எழுவரின் நினைவாகவே அக்கல் நிற்கிறது.

அரை நூற்றாண்டு கழித்து, 1999 இல், ஊரார் உள்ளிட்ட அறக்கட்டளை ஒன்று அந்த நிலத்தில் ஏறத்தாழ 17,000 ஏக்கரை விலைக்கு வாங்கியது. எனினும் விடுதி தனியார் வசமே இருந்தது. ஊரில் வேறு பப் இல்லை. அது என்று திறக்கும், என்று மூடும் என்பது ஒருவரின் முடிவைச் சார்ந்தது. அது விற்பனைக்கு வந்தபோது ஊரார் ஒன்றுகூடி நலச்சங்கம் அமைத்தனர். உள்ளூரிலும் வெளியூர்களிலும் பங்குகளை விற்றுத் திரட்டிய தொகையும், ஸ்காட்லாந்து நில நிதியத்தின் மானியமும் சேர்ந்து, 2022 மார்ச்சில் விடுதி ஊரின் உடைமையாயிற்று.

அது எத்தகைய பங்கு?

வங்கியாளர் என்ற முறையில் எங்கள் கவனத்தை ஈர்ப்பது இப்பகுதியே. 'சமூகப் பங்கு' எனப்படும் இம்முதலீடு, பங்குச்சந்தையில் நாம் வாங்கும் பங்கிலிருந்து அடிப்படையிலேயே வேறானது.

முதலாவதாக, எத்தனை பங்குகள் வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரே வாக்கு. 1904 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நம் நாட்டில் வேரூன்றிய கூட்டுறவுச் சங்கங்களை அறிந்தோருக்கு இது புதிதன்று.

இரண்டாவதாக, பங்கின் மதிப்பு உயராது. சங்கம் நலிந்தால் குறையக்கூடும். பிறருக்கு விற்கவும் இயலாது. நிதிநிலை இடங்கொடுத்து, நிர்வாகக் குழுவும் இசைந்தால் மட்டுமே சங்கத்திடமிருந்து பணத்தைத் திரும்பப் பெறலாம்.

மூன்றாவதாக, இதற்கு வைப்புத்தொகைக் காப்பீடு இல்லை. நம் வங்கிகளில் ஒரு வைப்பாளருக்கு ஒரு வங்கியில் 5 இலட்சம் ரூபாய் வரை உள்ள காப்பீட்டை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும்.

அப்படியாயின் மக்கள் ஏன் பணம் தந்தனர்? வட்டிக்காக அன்று, கதவு திறந்திருக்க வேண்டும் என்பதற்காக. சேமிப்பு வேறு, ஊர்ப்பொதுவுக்குத் தரும் பங்கு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவரை இரண்டுமே நற்செயல்கள். நம் பகுதியில் எவரேனும் பொதுநோக்கத்திற்கென முதலீடு கேட்டு வந்தால், பணம் எப்போது, எவ்விதம் திரும்பும், முடிவெடுக்கும் உரிமை யாருக்கு, இழப்பு நேர்ந்தால் சுமப்பவர் யார் ஆகியவற்றை எழுத்தில் கேட்டறிவது முறை. விடை தெரிந்தபின், இழந்தாலும் குடும்பம் தாங்கும் அளவு தொகையை மட்டுமே அதில் இடுக.

புறப்படுமுன்

2020 முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதியின்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே இயங்கும் நிலையில் வழங்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே செயலியிலோ கிளையிலோ தொடங்கி வைத்து, வரம்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். பணம் செலுத்தும் கருவி 'ரூபாயா, பவுண்டா' எனக் கேட்டால் பவுண்டைத் தேர்க. ரூபாயைத் தேர்ந்தால் கடைக்காரர் தரப்பின் மாற்றுவிகிதம் பொருந்தும், அது பெரும்பாலும் நமக்குப் பாதகமானது. தொலைவிடங்களில் இணைப்பு துண்டிக்கப்படலாம் என்பதால் சிறிது பவுண்டு நோட்டும் கையிலிருக்கட்டும்.

இன்வரிக்குச் செல்லும் வாய்ப்பு நம்முள் மிகச் சிலருக்கே அமையும். செல்பவர்கள் அந்த விடுதியில் செலவிடும் தொகை ஊரின் உடைமையைத் தாங்குகிறது என்பதை நினைவிற் கொள்க. செல்லாதவர்களும் தம் ஊரில் பலருக்கும் பயன்பட்டு, இன்று மூடும் நிலையில் நிற்கும் ஒரு படிப்பகத்தையோ கடையையோ எண்ணிப் பார்க்கலாம். அதன் கதவு திறந்திருக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவுக்கு இன்வரி மக்கள் தங்கள் விடையை அளித்துவிட்டனர்.