நினைவுக்கல் யாருக்கு?

அப்புத்தளையில் ரயிலேறி பண்டாரவளைக்குப் போகும் வழியில் வருகிறது தியத்தலாவை. தென்னாப்பிரிக்கப் போயர் யுத்தத்தில் பிரித்தானியர் பிடித்த கைதிகளை 1900 முதல் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி வந்து அடைத்த இடம். முகாமிலேயே இறந்தவர்களுக்கு அங்கே மயானமும் நினைவுச்சின்னமும் உண்டு. அந்த நினைவு இன்று இலங்கையில் யாரையும் உறுத்தாது. அதனால் அதற்குத் தடையும் இல்லை.

நம் மண்ணின் யுத்தங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஊவாவின் திசாவை கெப்பெட்டிபொல, 1817 இல் பிரித்தானியருக்கு எதிரான கிளர்ச்சியை அடக்க அவர்களாலேயே அனுப்பப்பட்டவர். அவரோ கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டு, வெள்ளையர் கொடுத்த துப்பாக்கிகளை அவர்களுக்கே திருப்பி அனுப்பினார். ஆளுநர் பிரவுன்ரிக்கின் படை ஊர்களையும் வயல்களையும் அழித்துக் கிளர்ச்சியை ஒடுக்கியது. 1818 நவம்பரில் கண்டி போகம்பரையில் கெப்பெட்டிபொலவின் தலை வெட்டப்பட்டது. ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுபோன மண்டையோடு 1954 இல்தான் நாடு திரும்பியது. கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகளாக்கிய 1818 ஆம் ஆண்டு வர்த்தமானியை, 2016 இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன இரத்துச் செய்தார். துரோகிப் பட்டத்தைச் சூட்டுவதும் அரசுதான், கழற்றுவதும் அரசுதான்.

அதே ஊவாவில், பண்டாரவளைக்கு அருகே இருந்தது பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம். 2000 ஒக்டோபர் 25 காலை, பெருங்கூட்டம் உள்ளே புகுந்து, அங்கிருந்த தமிழ் இளைஞர்கள் 25க்கும் மேற்பட்டோரை வெட்டியும் அடித்தும் எரித்தும் கொன்றது. காவலுக்கு நின்ற பொலிஸார் தடுக்கவில்லை. செய்தி கேட்டு மலையகத் தோட்டத்து மக்கள் வீதியில் இறங்கினார்கள். அந்தக் கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களும் மேன்முறையீட்டில் 2005 இல் விடுதலையானார்கள்.

யுத்தம் வடக்கின் துயரம் மட்டுமல்ல. 1977 இலும் 1983 இலும் இனக் கலவரங்களில் அடிபட்டு வன்னிக்குப் போன தோட்டக் குடும்பங்கள், 2009 இல் அங்கேயும் குண்டுகளுக்கு நடுவே அகப்பட்டன. ஆண்டுதோறும் மே மாதத்தில் அரசு படைவீரரை நினைவுகூர்கிறது. மகனை இழந்த சிங்களத் தாய்க்கு அது உரியதே. ஆனால் 2024 மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காகத் தமிழ்ப் பெண்கள் கைதானார்கள். அரிசியும் உப்பும் தண்ணீரும் சேர்ந்த அந்தக் கஞ்சி, 2009 இல் முள்ளிவாய்க்கால் முற்றுகைக்குள் மக்கள் உயிர்பிடித்த உணவு. அதற்கு அஞ்சும் அரசு, வெற்றியைக் கொண்டாடலாம். சமாதானத்தைக் கட்ட முடியாது.

கெப்பெட்டிபொலவின் பெயரைத் துலக்க ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. பிந்துனுவெவ பிள்ளைகளின் தாய்மாரிடம் அவ்வளவு காலம் இல்லை. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே, பிள்ளைகளின் பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் பொறித்து அரசு அங்கே ஒரு கல் நாட்ட வேண்டும்.