பழைய ஆட்டங்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

நுழையும்முன்

கதைப்புத்தகம் ஒன்றை நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் எடுத்துப் படிக்கலாம். அதற்குக் கண்ணும் எழுத்தறிவும் போதும். காணொலி விளையாட்டு அத்தகையதன்று. அதற்கென்று செய்யப்பட்ட கருவி இல்லையேல், விளையாட்டு அடங்கிய வட்டு வெறும் பிளாஸ்டிக் தகடே ஆகும். கருவிகள் மறையும்போது விளையாட்டுகளைக் காப்பவர் யார்? அக்கருவிகளைச் செய்த நிறுவனங்களுக்கு அதில் கடமை உண்டா? இவ்வினாக்களை இப்பாடம் ஆராய்கிறது.

கருவியோடு மறையும் விளையாட்டுகள்

தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து விளையாடப்படும் கருவியைக் ‘கன்சோல்’ என்பர். ஜப்பானைச் சேர்ந்த நின்டெண்டோ நிறுவனம் 1983-ஆம் ஆண்டு ‘ஃபேமிகாம்’ என்னும் கன்சோலை வெளியிட்டது. அதற்குரிய விளையாட்டுகள் கேட்ரிட்ஜ் எனப்படும் சிறு பிளாஸ்டிக் பெட்டிகளில் விற்கப்பட்டன. 1990-களில் இந்திய வீடுகளில் இவற்றைக் ‘கேசட்’ என்றே பலரும் அழைத்தனர். சோனி நிறுவனத்தின் முதல் பிளேஸ்டேஷன் 1994-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் விளையாட்டுகள் குறுந்தகடுகளில் விற்கப்பட்டன.

எந்தக் கன்சோலும் நிலையானதன்று. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த பிளேஸ்டேஷன் 2, உலகெங்கும் 15 கோடிக்கும் மேல் விற்பனையானது. அத்தகைய கருவியின் உற்பத்தியும் 2013-ஆம் ஆண்டளவில் நின்றுவிட்டது. உற்பத்தி நின்றபின் உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிதாகிறது. வட்டைப் படிக்கும் லேசர் பகுதி தேய்கிறது. கேட்ரிட்ஜினுள் ஆட்டத்தின் நிலையைச் சேமித்து வைக்கும் சிறு மின்கலம் தீர்ந்துபோகிறது. நாளடைவில் பழுதுபடாத கருவியைக் காண்பதே கடினமாகிறது.

இதனால் இழக்கப்படுவது பொழுதுபோக்கு மட்டுமன்று. ஐதராபாத்தைச் சேர்ந்த கேம்சாஸ்திரா நிறுவனம் பிளேஸ்டேஷன் 2-க்காக ‘தேசி அட்டா’ என்னும் விளையாட்டை 2009-ஆம் ஆண்டு உருவாக்கியது. கபடி, கிட்டிப்புள், பட்டம் விடுதல் போன்ற இந்திய விளையாட்டுகள் அதில் இடம்பெற்றன. அந்த வட்டை இன்றைய பிளேஸ்டேஷன் 5-இல் இட்டால் அது இயங்காது. நம் நாட்டில் நம் ஆட்டங்களைக் கொண்டு செய்யப்பட்ட ஒரு படைப்பு, தன் கருவியுடன் சேர்ந்து மறையும் நிலையில் உள்ளது.

எமுலேட்டர் என்பது யாது?

ஒரு கருவிக்கென எழுதப்பட்ட விளையாட்டை வேறொரு கருவியில் இயங்கச் செய்யும் மென்பொருளே எமுலேட்டர் ஆகும். அதன் பணியை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். தமிழ் மட்டும் அறிந்த பாட்டி, புனே நகரில் உள்ள மகன் வீட்டிற்கு வருகிறார். அண்டை வீட்டாருக்கு மராத்தி மட்டுமே தெரியும். இரு மொழியும் அறிந்த பேத்தி நடுவில் அமர்ந்து, பாட்டி கூறுவதை மராத்தியிலும் அண்டை வீட்டார் கூறுவதைத் தமிழிலும் எடுத்துரைக்கிறாள். பாட்டி மராத்தி கற்கவில்லை. அண்டை வீட்டாரும் தமிழ் கற்கவில்லை. ஆயினும் உரையாடல் நிகழ்கிறது.

எமுலேட்டரும் இவ்வாறே செயல்படுகிறது. ஒவ்வொரு கருவியின் மையச் செயலியும் தனக்கே உரிய கட்டளை மொழியைப் புரிந்துகொள்ளும். பழைய விளையாட்டு, பழைய செயலியின் மொழியில் எழுதப்பட்டுள்ளது. எமுலேட்டர் அக்கட்டளைகளைப் படிக்கிறது. பழைய கருவி அவற்றிற்கு என்ன செய்திருக்கும் என்று கணிக்கிறது. அதே விளைவைப் புதிய கருவியின் மொழியில் நிகழ்த்துகிறது. படத்தை வரையும் பகுதி, ஒலியை எழுப்பும் பகுதி, கைப்பிடியின் பொத்தான்கள் ஆகிய அனைத்தையும் அது போலச் செய்ய வேண்டும். தாவிக் குதிக்கும் நொடியும் ஒலி எழும் நொடியும் சிறிது பிசகினாலும் ஆட்டம் கெடும். ஆகவே பழைய கருவியைக் காட்டிலும் பன்மடங்கு விரைவான கருவி இப்பணிக்குத் தேவைப்படுகிறது.

நீதிமன்றம் சென்ற மென்பொருள்

பழைய கன்சோல்களுக்கான எமுலேட்டர்கள் பலவற்றை ஆர்வலர்களே உருவாக்கினர். கருவியின் உள்ளமைப்பு பற்றிய ஆவணங்கள் அவர்களிடம் இல்லை. எனவே கருவியை ஆய்ந்து, ஒவ்வொரு பகுதியின் செயலையும் தாமே கண்டறிய வேண்டியிருந்தது.

1999-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெக்டிக்ஸ் நிறுவனம், பிளேஸ்டேஷன் வட்டுகளை மெக்கின்டோஷ் கணினியில் இயக்கும் எமுலேட்டர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சோனி அதன்மீது வழக்குத் தொடுத்தது. கருவி இயங்கும் முறையை ஆய்ந்தறிந்து புதிய மென்பொருளை உருவாக்குவது நேரிய பயன்பாடே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. பின்னர் சோனி அம்மென்பொருளை விலைக்கு வாங்கி, அதன் விற்பனையை நிறுத்தியது.

இக்கதை அத்துடன் முடியவில்லை. 2018-ஆம் ஆண்டு சோனி, 20 விளையாட்டுகள் அடங்கிய ‘பிளேஸ்டேஷன் கிளாசிக்’ என்னும் சிறு கருவியை வெளியிட்டது. அதனுள் இயங்கியது, ஆர்வலர்கள் உருவாக்கி அனைவருக்கும் திறந்து வைத்திருந்த ஓர் எமுலேட்டரே ஆகும்.

நிறுவனங்கள் மேற்கொண்ட முயற்சிகள்

கன்சோல் நிறுவனங்கள் எமுலேட்டர்களை அறியாதவை அல்ல. அவற்றைத் தாமே பயன்படுத்தியும் வருகின்றன. நின்டெண்டோ நிறுவனம் 2006-ஆம் ஆண்டு ‘வீ’ கன்சோலில் பழைய விளையாட்டுகளை இணையக் கடை வழியாக விற்கத் தொடங்கியது. 2016-ஆம் ஆண்டு 30 பழைய விளையாட்டுகளைக் கொண்ட சிறிய கருவியையும், 2017-ஆம் ஆண்டு 21 விளையாட்டுகளைக் கொண்ட மற்றொன்றையும் வெளியிட்டது.

இரண்டாவது கருவியில் ‘ஸ்டார் ஃபாக்ஸ் 2’ என்னும் விளையாட்டு இருந்தது. அது 1990-களின் நடுப்பகுதியில் உருவாக்கப்பட்டும் வெளியிடப்படாமல் கிடந்த ஒன்றாகும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உறங்கிய அப்படைப்பு, எமுலேட்டரின் வழியாகவே முறைப்படி மக்களை வந்தடைந்தது. ஆனால் இக்கருவிகளில் பழைய கேட்ரிட்ஜைச் செருகும் இடம் இல்லை. முன்பே பணம் கொடுத்து வாங்கியவரும் மீண்டும் வாங்க வேண்டியிருந்தது.

மைக்ரோசாப்ட் வேறு வழியை மேற்கொண்டது. 2015-ஆம் ஆண்டு முதல், எக்ஸ்பாக்ஸ் 360 கருவியின் விளையாட்டுகள் பலவற்றை எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியில் இயங்கச் செய்தது. பழைய வட்டை உள்ளே இட்டால் கருவி அதனை உரிமைச் சான்றாக ஏற்றுக்கொள்ளும். அதற்கேற்ப அமைக்கப்பட்ட விளையாட்டு இணையம் வழியாக இறங்கும். மறுமுறை பணம் செலுத்தத் தேவையில்லை.

வெளியிட வேண்டும் என்போர் கூற்று

முதலாவது, வாங்கியவரின் உரிமை. இணையக் கடையில் வாங்கிய விளையாட்டு அக்கடையைச் சார்ந்தே வாழ்கிறது. வீ கன்சோலின் கடை 2019-ஆம் ஆண்டு மூடப்பட்டது. நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ ஆகிய கருவிகளின் கடைகளில் விற்பனை 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முடிவுற்றது. கடை மூடியபின் அங்கு மட்டுமே கிடைத்தவற்றைப் புதிதாக வாங்க வழியில்லை.

இரண்டாவது, பண்பாட்டுப் பாதுகாப்பு. 2010-ஆம் ஆண்டுக்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று, காணொலி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

மூன்றாவது, நேர்மையான வழியின் தேவை. முறையான வழி இல்லாதபோது, விளையாட விரும்புவோர் உரிமம் பெறாத படிகளை நாடுகின்றனர். கருவியின் வரைபடங்களும் தொடக்க மென்பொருளும் நிறுவனத்திடமே உள்ளன. ஆர்வலர்கள் பல ஆண்டுகள் முயன்று கண்டறிந்ததை நிறுவனம் முதல் நாளிலேயே அறியும்.

நிறுவனங்களின் தயக்கம்

நிறுவனங்களின் தயக்கத்திற்கும் காரணங்கள் உள்ளன. எமுலேட்டர் எந்தப் படியையும் இயக்குமாயின், திருட்டுப் படிகள் பெருகும் என அவை அஞ்சுகின்றன. ‘ஸ்விட்ச்’ கருவிக்கான ‘யூசு’ எமுலேட்டரை உருவாக்கியோர்மீது நின்டெண்டோ 2024-ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தது. அவர்கள் 24 இலட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டு, அம்மென்பொருளையும் கைவிட்டனர்.

உரிமங்களும் ஒரு தடையாகும். ஒரு விளையாட்டில் ஒருவரது இசையும், மற்றொருவரது கதைமாந்தரும், வேறொருவரது கார் வடிவமும் இடம்பெறலாம். அனைவரிடமும் மீண்டும் ஒப்புதல் பெறுவது எளிதன்று. மைக்ரோசாப்ட் நிறுவனமும் 2021-ஆம் ஆண்டு, உரிமம், சட்டம், தொழில்நுட்பம் ஆகிய தடைகளைச் சுட்டிக்காட்டியே, பழைய விளையாட்டுகளைச் சேர்க்கும் பணியை நிறைவு செய்தது.

தொழில்நுட்பச் சுமையும் சிறிதன்று. பிளேஸ்டேஷன் 3-இன் ‘செல்’ செயலி மிகச் சிக்கலான அமைப்புடையது. அதன் வட்டுகள் பிளேஸ்டேஷன் 5-இல் இயங்குவதில்லை. அதன் விளையாட்டுகள் சிலவற்றைச் சோனி தொலைவிலுள்ள கணினிகளில் இயக்கி, சந்தா செலுத்துவோருக்கு இணையம் வழியாக அனுப்புகிறது.

எது முறை?

இரு தரப்பையும் சீர்தூக்கிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நிறுவனங்களின் அச்சம் பெரும்பாலும் விற்பனையில் உள்ள கருவிகளைப் பற்றியது. ஸ்விட்ச் வழக்கும் அத்தகையதே. உற்பத்தி நின்று, கடையும் மூடப்பட்ட கருவிக்கு அவ்வச்சம் அவ்வளவாகப் பொருந்தாது. அதனால் இழக்கத்தக்க விற்பனை நிறுவனத்திற்கு மிகக் குறைவு. விளையாடுவோர் இழப்பதோ முழு விளையாட்டு.

உரிமச் சிக்கலுக்கும் விடை உண்டு. எமுலேட்டர் வேறு, விளையாட்டு வேறு. விளையாட்டை மீண்டும் விற்கவே புதிய ஒப்புதல் வேண்டும். ஒருவர் முன்பே வாங்கி வைத்துள்ள வட்டைப் படிக்கும் எமுலேட்டரை மட்டும் வெளியிட்டால், நிறுவனம் எந்த விளையாட்டையும் புதிதாக விற்பதில்லை. எனவே விற்பனை நின்ற கருவிகளுக்கு, சொந்த வட்டுகளையும் கேட்ரிட்ஜ்களையும் ஏற்கும் அதிகாரபூர்வ எமுலேட்டரை நிறுவனங்கள் வெளியிடுவதே முறையாகும். அதற்குச் சிறு விலை பெறுவதிலும் தவறில்லை.

நூலகங்களுக்கும் இது பேருதவியாகும். விற்பனையில் இல்லாத விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தும் பயன்படுத்த இசைவு வேண்டுமென அமெரிக்காவில் கோரப்பட்டது. விளையாட்டுத் துறையினர் அதனை எதிர்த்தனர்; பதிப்புரிமை அலுவலகம் 2024-ஆம் ஆண்டு அக்கோரிக்கையை மறுத்தது. நிறுவனங்களே முன்வந்தால் அன்றி இக்கதவு எளிதில் திறவாது. விளையாட்டைப் படைத்தவர் ஒருவர், கருவியைச் செய்தவர் மற்றொருவர். கருவியைச் செய்தவர் தம் தொழிலை முடித்துக்கொள்ளும்போது, மற்றவரின் படைப்பையும் உடன் மூடிவிடுதல் நேர்மையாகாது.

சொல்லும் பொருளும்

வன்பொருள் – கணினி, கன்சோல் முதலியவற்றின் தொட்டுணரத்தக்க பகுதி
மென்பொருள் – கருவியை இயக்கும் கட்டளைகளின் தொகுப்பு
பதிப்புரிமை – ஒரு படைப்பை வெளியிடவும் படியெடுக்கவும் உள்ள உரிமை
உரிமம் – பயன்படுத்துவதற்கு அளிக்கப்படும் முறையான ஒப்புதல்
சீர்தூக்கி – இரு பக்கத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்து
இசைவு – ஒப்புதல்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. நின்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் கன்சோலை வெளியிட்ட ஆண்டு ________.
2. ‘தேசி அட்டா’ விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் ________ நகரைச் சேர்ந்தது.
3. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வெளியிடப்படாமல் இருந்த விளையாட்டு ________.

ஆ. பிரித்து எழுதுக.
1. பதிப்புரிமை 2. வன்பொருள் 3. பேருதவி 4. அக்கருவி

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. கன்சோல் என்பது யாது?
2. பழைய கேட்ரிட்ஜ்கள் பழுதுபடக் காரணம் ஒன்றைக் கூறுக.
3. மைக்ரோசாப்ட் மேற்கொண்ட வழி நின்டெண்டோவின் வழியிலிருந்து எவ்வாறு வேறுபட்டது?

ஈ. விரிவாக விடை தருக.
1. எமுலேட்டரை மொழிபெயர்ப்பாளருடன் ஒப்பிட்டு விளக்குக.
2. எமுலேட்டரை வெளியிட நிறுவனங்கள் தயங்குவதற்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக. அவற்றுள் உமக்கு ஏற்புடையது எது? ஏன்?

உ. செயல்பாடு
உம் வீட்டில் அல்லது அண்டை வீட்டில் உள்ள பெரியவர்களிடம், அவர்கள் சிறுவயதில் ஆடிய காணொலி விளையாட்டு ஒன்றைப் பற்றிக் கேட்டறிக. அது எந்தக் கருவியில் இயங்கியது, இன்று அதனை ஆட இயலுமா என்பவற்றைப் பத்துத் தொடர்களில் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.